நாற்பது ஆண்டுகள் காத்திருந்த எண்

ஒரு மாதத்தின் முதலாம் நாள் வாப்பா உங்களுக்கு ஒரு ரூபா தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் இரண்டு ரூபா, மூன்றாம் நாள் நான்கு ரூபா, நான்காம் நாள் எட்டு ரூபா. இப்படி ஒவ்வொரு நாளும் முந்திய நாள் தந்ததைப் போல் இரு மடங்கு தருகிறார். ஒரு வாரம் முடியும்போது உங்கள் கையில் 127 ரூபா இருக்கும். பத்தாம் நாள் முடிவில் 1023 ரூபா. இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் 31 நாட்கள் கொண்ட அந்த மாதம் முடியும்போது சேர்ந்திருக்கும் தொகை 2,147,483,647 ரூபா. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு ரூபா!

2இன் 31ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது இந்தப் பத்து இலக்க எண். இதற்கு 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி உண்டா, அல்லது இது ஒரு முதன்மை எண்ணா? இந்தக் கேள்வியைத் தமது இருபத்தைந்தாம் வயதில் கையிலெடுத்து, அறுபத்தைந்தாம் வயதில் முடித்துவைத்தவர் ஒருவர் இருந்தார். கேள்வியை எடுத்தபோது அவருக்கு இரண்டு கண்களிலும் பார்வை இருந்தது. விடையை அறிவித்தபோது இரண்டு கண்களிலும் பார்வை இல்லை. அவர்தான் லியோனார்ட் ஒயிலர்.

உயர்தரக் கணிதம் படிக்கும் சகோதரிகளுக்கு இவர் அந்நியர் அல்லர். சார்பை எழுதும் முறை, கூட்டுத்தொகைக்கான சிக்மா குறியீடு, மறை ஒன்றின் வர்க்கமூலத்துக்கான குறியீடு ஆகியவற்றை நமக்குத் தந்தவர் அவர். வட்டத்தின் மாறிலியைப் பை என்ற எழுத்தால் குறிக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதும் அவரது நூல்களால்தான். தினமும் அவரது எழுத்துக்களை நமது அப்பியாசக் கொப்பிகளில் எழுதுகிறோம். ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை நம்மில் பலர் கேட்டறிந்ததில்லை.

போதகரின் மகன்

ஒயிலர் 1707 ஏப்ரல் 15ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். தந்தை போல் ஒயிலர் ஒரு கிறிஸ்தவ போதகர். குடும்பம் விரைவிலேயே அருகிலிருந்த ரீஹென் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இளமையில் யாக்கோப் பெர்னூலி என்ற பெரும் கணித அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டவர். எனவே மகனுக்கு முதற் கணிதப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. ஆயினும் மகன் தம்மைப் போலவே போதகராக வேண்டும் என்பதுதான் தந்தையின் விருப்பமாக இருந்தது.

பதின்மூன்றாவது வயதில் ஒயிலர் பாசல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே யாக்கோப்பின் தம்பி யொஹான் பெர்னூலி பேராசிரியராக இருந்தார். அவர் வேலைப்பளு மிக்கவர், எவருக்கும் தனிப்பாடம் எடுக்க நேரமில்லாதவர். எனவே சிறுவன் தானாகவே கடினமான நூல்களை வாசிக்க வேண்டும், விளங்காத இடங்களை மட்டும் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் முழுவதும் தனியே முயன்றுவிட்டு, மிஞ்சிய சந்தேகங்களோடு மட்டும் ஆசிரியரின் வாசலில் நிற்கும் மாணவனை எண்ணிப் பாருங்கள். ஒயிலருக்குத் தனித்துச் சிந்திக்கும் பழக்கத்தைக் கொடுத்தது அந்தச் சனிக்கிழமைகள்தான். பின்னர் யொஹான் பெர்னூலியே தந்தையிடம் பேசி, இந்தப் பிள்ளை கணிதத்துக்கென்றே பிறந்தவன் என்று எடுத்துக்கூறி அவரது மனதை மாற்றினார்.

தந்தை தமது விருப்பத்தை விட்டுக்கொடுத்தார். மகனோ தந்தையின் மார்க்கப் பற்றை விட்டுவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒயிலர் இறைநம்பிக்கை மிக்கவராகவே வாழ்ந்தார். இரவில் வீட்டாரைக் கூட்டி வேதம் வாசிப்பது அவரது குடும்ப வழக்கமாக இருந்தது.

சுவிற்சர்லாந்தில் தகுந்த வேலை கிடைக்கவில்லை. 1727இல், தமது இருபதாவது வயதில், ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த விஞ்ஞானக் கழகத்துக்குப் புறப்பட்டார். அவர் ரஷ்ய மண்ணில் வந்திறங்கிய அதே நாளில் பேரரசி முதலாம் கதரீன் காலமானார். கழகத்தின் எதிர்காலமே கேள்விக்குறியானது. ஆனாலும் இளைஞர் பொறுமையோடு தங்கிவிட்டார். 1733இல் கழகத்தின் முதன்மைக் கணிதப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு ஓவியர் ஒருவரின் மகளான கத்தரீனா கிசெல் என்ற பெண்ணை மணம் முடித்தார்.

பெரியவரின் சொல்லும் ஒரு சிறிய வகுத்தலும்

கழகத்தில் ஒயிலருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் கிறிஸ்டியன் கோல்ட்பாக். 1729ஆம் ஆண்டு இறுதியில் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில், பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கணித மேதையான பெர்மாவின் கருத்தொன்று உண்மையா என்று கேட்டிருந்தார். பெர்மா அப்போது இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

2இன் வலுக்கள் சிலவற்றோடு 1ஐக் கூட்டி வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து எண்களும் முதன்மை எண்கள். இதே வரிசையில் அடுத்து வரும் 4,294,967,297 என்ற எண்ணும், அதற்குப் பின் வருபவை யாவும் முதன்மை எண்களே என்று பெர்மா நம்பினார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். என்றாலும் சொன்னவர் பெர்மா அல்லவா? அவரது பெயரே போதுமான ஆதாரமாக இருந்தது.

1732இல் ஒயிலர் ஒரு சிறிய கட்டுரையைச் சமர்ப்பித்தார். 4,294,967,297ஐ 641ஆல் மீதியின்றி வகுக்கலாம், ஈவு 6,700,417 என்று அதில் காட்டினார். நீங்களும் ஒரு கடதாசியை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிட வேலையை அதுவரை எவரும் செய்திருக்கவில்லை.

641ஐ எப்படிக் கண்டார் என்பதற்கான விளக்கத்தை அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்தப் பெரிய எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை. கண்மூடித்தனமாக எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்காமல், எங்கே தேட வேண்டும் என்பதை முதலில் சிந்தித்துக்கொள்வதே ஒயிலரின் வழி.

இங்கேதான் நமது 2,147,483,647 என்ற எண்ணும் வருகிறது. அதை இரு மடங்காக்கி 3ஐக் கூட்டினால் பெர்மாவின் எண் கிடைக்கும். அவ்வளவு நெருங்கிய உறவு. இந்த எண்ணைப் பற்றியும் ஒரு பெரியவர் ஏற்கனவே ஒரு வாக்குச் சொல்லியிருந்தார். பாரிஸ் நகரில் வாழ்ந்த மெர்சேன் என்ற துறவி, 1644இல் வெளியிட்ட நூலில், 2இன் வலுவிலிருந்து 1ஐக் கழித்து முதன்மை எண் பெறக்கூடிய சுட்டிகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்று பட்டியலிட்டிருந்தார். 19 வரை சரி என்பது பார்க்கப்பட்டிருந்தது. 31ஐ எவரும் சோதித்து முடிக்கவில்லை.

பெர்மாவைத் திருத்திய அதே கட்டுரையில் ஒயிலரும் ஒரு பட்டியலைத் தந்தார். அதில் 31ஐச் சேர்த்தார். கூடவே 41ஐயும் 47ஐயும் சேர்த்துவிட்டார். அவை இரண்டும் தவறு! 41ஐச் சுட்டியாகக் கொண்ட எண்ணை 13,367ஆல் வகுக்கலாம். 47ஐச் சுட்டியாகக் கொண்டதை 2,351ஆல் வகுக்கலாம். பெர்மா சோதிக்காமல் சொன்னதைத் திருத்தியவர், அதே தாளில் தாமும் முழுமையாகச் சோதிக்காமல் சொல்லிவிட்டார். ஒயிலரின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது. ஏனென்றால் அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் அவரைப் பெரியவராக்கியது.

நிறைவெண்களும் இப்னுல் ஹைதமும்

இப்படியான எண்களில் அறிஞர்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம்? அதற்குக் காரணம் நிறைவெண்கள்.

6இன் காரணிகளில் 6ஐத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால் 1+2+3, மீண்டும் 6. அவ்வாறே 28க்கு 1+2+4+7+14, மீண்டும் 28. தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாக இருக்கும் இத்தகைய எண்களே நிறைவெண்கள். அடுத்தவை 496, 8128. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே யூக்கிளிட் இதற்கு ஒரு வழி காட்டினார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே வரும்போது கூட்டுத்தொகை ஒரு முதன்மை எண்ணானால், அதைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்குங்கள். நிறைவெண் கிடைக்கும். 1+2+4 என்பது 7. அது முதன்மை எண். எனவே 7ஐ 4ஆல் பெருக்க 28.

ஆனால் எல்லா இரட்டை நிறைவெண்களும் இந்த வழியில்தான் வருமா? இந்த மறுதலைக் கேள்வியைக் கையிலெடுத்தவர் நம் முன்னோர்களுள் ஒருவர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஒளியியலின் தந்தை என்று போற்றப்படும் இப்னுல் ஹைதம் அவர்கள்தான் அவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் இதை நிறுவ முயன்றார். முழுமையான நிறுவல் அவருக்குக் கைகூடவில்லை. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அதை நிறுவியவர் ஒயிலர். கிரேக்கத்தில் தொடங்கி, அரபு மொழியில் வளர்ந்து, ரஷ்யாவிலும் ஜேர்மனியிலும் வாழ்ந்த ஒரு சுவிஸ் நாட்டவரிடம் நிறைவடைந்த வேலை அது.

ஆகவே 2,147,483,647 முதன்மை எண் என்றால் எட்டாவது நிறைவெண்ணும் மனிதனுக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்த இடம் வெற்றிடம்.

முதற் கண்ணும் பேர்லின் காலமும்

1735இல் ஒயிலர் கடும் காய்ச்சலால் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். அதே ஆண்டில்தான் முழு எண்களின் வர்க்கங்களுடைய நிகர்மாற்றுக்களைக் கூட்டினால் வரும் முடிவில் தொடரின் கூட்டுத்தொகையைக் கண்டு ஐரோப்பாவையே வியக்கவைத்தார். அத்தொகை பையின் வர்க்கத்தின் ஆறில் ஒரு பங்கு. பெர்னூலி சகோதரர்களே தீர்க்க முடியாமல் விட்ட கணக்கு அது. கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒரே ஒரு தடவை கடந்து உலா வர முடியாது என்று காட்டி, வரைபுக் கொள்கைக்கு வித்திட்டதும் இந்தக் காலத்தில்தான்.

1738இல் வலக்கண்ணின் பார்வை போனது. தேசப்படங்கள் வரையும் வேலையில் கண்ணை வருத்தியதே காரணம் என்று அவர் கருதினார். பார்வை பாதியாகப் போனபோது இனிமேல் கவனம் சிதறாது என்று ஆறுதல் கொண்டார் எனவும் சொல்வர்.

1741இல் பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெட்ரிக் அழைக்க, ஒயிலர் பேர்லினுக்குப் போனார். அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். முடிவிலிப் பகுப்பாய்வுக்கு முன்னுரையாக அவர் எழுதிய பெருநூல் 1748இல் அங்கிருந்தபோதே வெளியானது. ஆனால் மன்னருக்கு இவரைப் பிடிக்கவில்லை. அரசவையில் சாதுரியமாகப் பேசிச் சிரிக்கவைப்போரே மன்னருக்குத் தேவை. ஒயிலரோ எளிமையான, அடக்கமான குடும்பஸ்தர். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரால் மன்னர் அவரைக் கேலி செய்தார். கைகொட்டிச் சிரித்தவர்களின் பெயர்கள் இன்று எங்கே?

பேர்லினில் இருந்தபோது அவர் செய்த ஒரு வேலையை நம் கல்லூரி மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடப்பட்டிருந்த காலம் அது. அப்போது இளவரசி ஒருவருக்கு ஒளி, ஒலி, ஈர்ப்பு, காந்தம், தர்க்கம் என்று பல விடயங்களையும் விளக்கி இருநூறுக்கும் அதிகமான கடிதங்கள் எழுதினார். அவை நூலாக வெளிவந்து பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. ஒரு பெண் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்று அக்காலத்தின் மிகப் பெரிய கணித மேதை நேரம் ஒதுக்கியதால், உலகம் முழுவதற்கும் ஒரு நல்ல விஞ்ஞான நூல் கிடைத்தது.

நமது எண் என்னவாயிற்று? ஒயிலர் அதை மறக்கவில்லை. 1752இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு உறுதியாகத் தெரிந்த நிறைவெண்கள் ஏழு மட்டுமே என்றும், 2,147,483,647 முதன்மை எண்ணா இல்லையா என்பது தமக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதி வெளியிட்ட ஒன்றை இப்போது எனக்குத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அப்போது அவர் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்தார். அவர் மௌனமாக இருந்திருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சோதித்து அறிந்ததையும் நம்புவதையும் அவர் வேறு வேறாகவே வைத்துக்கொண்டார்.

இருள் சூழ்ந்த வீடு

1766இல் ஒயிலர் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்குத் திரும்பினார். இரண்டாம் கதரீன் அவரை மரியாதையோடு வரவேற்றார். ஆனால் அந்த ஆண்டிலேயே மிஞ்சியிருந்த இடக்கண்ணிலும் கண்புரை படர்ந்தது. சிலேட்டில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினால்தான் ஓரளவு தெரியும் என்ற நிலை.

1771 அவருக்குச் சோதனை மிகுந்த ஆண்டு. நகரில் பெருந்தீ ஏற்பட்டு அவரது வீடும் எரிந்தது. உள்ளே அகப்பட்டிருந்த முதியவரைப் பாசல் ஊரைச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர் துணிந்து உள்ளே போய்க் காப்பாற்றினார். அதே ஆண்டில் கண்ணில் சத்திர சிகிச்சை நடந்தது. சில நாட்கள் பார்வை திரும்பியது. உலகத்தை மீண்டும் கண்டார். பின்னர் கண்ணில் கிருமித் தொற்று ஏற்பட்டு அந்த வெளிச்சமும் அணைந்தது. இரண்டு வருடங்களில் மனைவி கத்தரீனாவும் காலமானார். அவர்களுக்குப் பிறந்த பதின்மூன்று பிள்ளைகளில் ஐவர் மட்டுமே சிறுபராயத்தைத் தாண்டினர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை இழப்புக்கும் நடுவே அவரது வேலை நிற்கவில்லை. மேலும் வேகமெடுத்தது. தையற் தொழில் பழகிய ஓர் இளைஞனை எழுதுவதற்கு வைத்துக்கொண்டு, அட்சரகணித நூலொன்றை வாயால் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். அந்த இளைஞன் எழுதி முடிக்கும்போது அட்சரகணிதத்தையும் கற்றுவிட்டானாம். மகன் யொஹான் அல்பிரெக்டும், கிராவ்ட், லெக்செல் முதலிய துணைவர்களும் உதவ, சந்திரனின் இயக்கம் பற்றிய பெருநூல் 1772இல் வெளியானது. அவரது ஆக்கங்களில் ஏறத்தாழ அரைவாசி இந்த இருண்ட ஆண்டுகளில் பிறந்தவை.

இது எப்படிச் சாத்தியமானது? நினைவாற்றல் ஒரு காரணம். வேர்ஜில் என்ற இலத்தீன் கவிஞரின் நீண்ட காவியம் முழுவதையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். தாம் படித்த பிரதியில் ஒவ்வொரு பக்கமும் எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடியும் என்பதையும் சொல்வார். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் நமது குடும்பங்களிலேயே இருப்பதால், இத்தகைய ஆற்றல் நமக்குப் புதியதல்ல. அது எத்தனை உழைப்பால் வருகிறது என்பதையும் நாம் அறிவோம். ஒயிலரின் மனதிலும் முதன்மை எண்களும் அவற்றின் வலுக்களும் வரிசையாக நின்றன.

1772: விடை

அந்த ஆண்டில் பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு ஒயிலர் அனுப்பிய கடிதம் ஒன்று பேர்லின் கழகத்தின் வெளியீட்டில் அச்சானது. 2,147,483,647 முதன்மை எண்தான் என்று அதில் அறிவித்தார். இம்முறை நம்பிக்கையால் அல்ல, சோதித்து.

சோதனையின் அளவைப் பார்ப்போம். ஓர் எண் முதன்மை எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நமது எண்ணின் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் கிட்டத்தட்ட 4,800 முதன்மை எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் ஒரு பத்து இலக்க எண்ணை வகுப்பதென்றால் கண் உள்ளவருக்கே மாதக் கணக்கில் வேலை.

ஒயிலர் முதலில் பாதையைச் சுருக்கினார். பெர்மா கூறிச் சென்ற, ஒயிலர் நிறுவிய ஒரு தேற்றத்தின்படி, சுட்டி 31ஆக இருக்கும்போது வரக்கூடிய எந்த முதன்மைக் காரணியையும் 62ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இதைச் சிறிய எண்ணில் பார்த்தால் தெளிவாகும். சுட்டி 11 என்றால் எண் 2047. அதன் காரணிகளை 22ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட முதலாவது எண் 23. 2047ஐ 23ஆல் வகுத்தால் 89. 89ஐ 22ஆல் வகுத்தாலும் மீதி 1தான்!

இரண்டாவது நிபந்தனை, காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். உதாரணமாக 373 முதல் நிபந்தனையைத் தாண்டும், ஆனால் 8ஆல் வகுக்க மீதி 5, எனவே அது விலக்கப்படும். 311 இரண்டையும் தாண்டும், எனவே அதைச் சோதிக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340க்குள் அப்படிப்பட்டவை ஏறத்தாழ 370. அவற்றிலும் முதன்மை எண்கள் நூறுக்குக் குறைவு. 4,800 வேலை நூறுக்குள் வந்துவிட்டது! அவற்றில் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவசரமாகப் பட்டியலில் சேர்த்த எண்ணுக்கு, இப்போதுதான் உரிய சான்று கிடைத்தது. எட்டாவது நிறைவெண்ணும் கிடைத்தது: 2,305,843,008,139,952,128.

இறுதி நாள்

1783 செப்டெம்பர் 18. காலையில் பேரப்பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அந்நாட்களில் புதிதாகப் பறக்கத் தொடங்கியிருந்த வாயுக்கூண்டுகள் எவ்வளவு உயரம் செல்லும் என்று கணித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட யுறேனஸ் கோளின் பாதையைப் பற்றி லெக்செலுடன் பேசினார். பிற்பகலில் மூளையில் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு, அன்றிரவே காலமானார். வயது 76. அவர் விட்டுச்சென்ற ஆக்கங்கள் 850க்கும் அதிகம். அவற்றை அச்சிட்டு முடிக்கச் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்துக்கு மேலும் பல தசாப்தங்கள் பிடித்தன.

அந்த எண் இன்று

ஒயிலர் இறந்த பின்னும் பல தசாப்தங்கள் அவரது எண்ணே உலகம் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணாக இருந்தது. 1811இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீற்றர் பார்லோ, இதிலிருந்து வந்த நிறைவெண்ணை விடப் பெரியதை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றே எழுதினார். அவரும் சோதிக்காமல் சொன்னவர்களின் வரிசையில் சேர்ந்தார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் மெர்சேனின் 127 சரியென்று நிறுவினார். அதே பட்டியலிலிருந்த 67உம் 257உம் தவறு என்று பின்னர் தெரிந்தது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட, இதே வகையைச் சேர்ந்த ஒரு முதன்மை எண்ணுக்கு நான்கு கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் உண்டு.

ஒயிலரின் எண் நமது கையிலிருக்கும் கருவிகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. துவித முறையில் எழுதினால் அது தொடர்ச்சியாக முப்பத்தொரு ஒன்றுகள். 32 பிட் இடத்தில் நேர், மறை எண்களைச் சேமிக்கும் கணினியால் வைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் செக்கன்களாக எண்ணுகின்றன. இந்த முறையில் இயங்கும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு அந்த எண்ணிக்கை சரியாக 2,147,483,647ஐ அடையும். அடுத்த செக்கனை எழுத அவற்றில் இடமிருக்காது. அதற்குள் அவற்றை மாற்றியமைக்கும் வேலையில் பொறியியலாளர்கள் ஈடுபட்டிருக்கிறார்கள்.

அன்புச் சகோதரிகளே! வரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு நமது மார்க்கம் நமக்குக் கற்பிக்கிறது. ஒரு ஹதீஸைப் பதிவுசெய்ய அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரையும் சோதித்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். ஆனால் கைத்தொலைபேசியில் வரும் ஒரு செய்தியை, அனுப்பியவர் நமக்கு வேண்டியவர் என்பதற்காக மட்டுமே எத்தனை தடவை மற்றவருக்கு அனுப்பியிருக்கிறோம்! கணித வினாவுக்கான விடையைக்கூட, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதால் சரி என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்! நானும் எழுதியிருக்கிறேன்.

ஒயிலர் பெரியவர்களை மதித்தவர். பெர்மாவின் தேற்றத்தைக் கொண்டுதான் அவர் தமது எண்ணை வென்றார். அதே பெர்மா தவறிய இடத்தை மறைக்கவில்லை. தாம் தவறிய இடத்தில் தெரியாது என்று எழுதவும் தயங்கவில்லை. தெரியாது என்று சொன்ன பிறகு சும்மா இருந்துவிடவுமில்லை. கண் போன பின்னும், வீடு எரிந்த பின்னும், அந்தக் கேள்வியைத் தேடிப் போய் முடித்துவைத்தார். இறைவன் நமக்குத் தந்திருக்கும் இரண்டு கண்களையும், அறிவையும், இளமையையும் கொண்டு நாமும் நம் முன்னுள்ள ஒரு கேள்வியையாவது இறுதிவரை சோதித்து அறிய முயல்வோமாக.